தேய்ந்த கிண்ணம்

கீழ்க்கட்டளை,
14-7-1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

காந்திமதி எழுதுவது. பிலாயில் நீங்களும் அண்ணியும் குழந்தைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள். இங்கே நான் சௌக்கியமாக இல்லை. எப்போதும்போல எல்லோரும் நலம் என்று எழுதி ஒட்டிவிட இந்த முறை மனசு வரவில்லை.

நீங்கள் அனுப்பிய தைலம் வந்தது. வாயுப் பிடிப்பு என்று வீட்டில் சொல்லிவிட்டுத் தினமும் சூடு பறக்கத் தேய்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறீர்கள். என் தோளுக்குள் இருப்பது இரும்பு என்று உங்களுக்குத் தெரியாதா? இந்தத் தைலத்தை என் வீட்டுக்காரருடைய லேத் பட்டறையில் கொடுத்தால் மெஷினுக்காவது ஆகும்.

எண்பத்தாறில் தாம்பரம் ஸ்டேஷனில் மின்சார ரயிலிலிருந்து விழுந்து வலது தோள் நொறுங்கியபோது ஆஸ்பத்திரியில் என் கூட இருந்தது நீங்கள்தான். எலும்பின் தலைக்குப் பதிலாக உலோகக் குண்டு வைத்திருக்கிறோம், அது உட்காரும் கிண்ணம் மட்டும் இவளுடைய சொந்த எலும்பு, பாரம் இழுத்தால் நாளாவட்டத்தில் தேயும், வருஷத்துக்கு ஒரு தரம் எக்ஸ்ரே எடுங்கள் என்று டாக்டர் உங்களிடம்தான் சொன்னார். இரண்டு வருஷம் கழித்துப் பெண் பார்க்க வந்தவர்களிடம், சின்ன வயதில் விழுந்து தையல் போட்ட தழும்பு என்றீர்கள். ஆஸ்பத்திரிக் காகிதங்களை உங்கள் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினீர்கள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்று என் வாயையும் அடைத்தீர்கள். நீங்கள் சொன்னது ஒரு பொய்தான் அண்ணா. மிச்சம் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதையும் எட்டு வருஷமாக நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்தத் தெருவில் அடிபம்புதான். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு குடம். கொஞ்சம் நின்றால் மாமியார், இன்னாமே, பம்ப் அடிக்கக்கூட கை நோவுதா, நோவாம நோம்பு கும்புடலாம்னு பாத்துகினு கீறியா என்பார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு என்ன தெரியும்? தெரிந்தவர் வருஷா வருஷம் பொங்கல் வாழ்த்து அட்டை அனுப்பிக்கொண்டிருந்தார்.

போன மாதம் தலை வாரக் கை எழவில்லை. தனியாகப் போய் எக்ஸ்ரே எடுத்தேன். கிண்ணம் ஒரு பக்கமாகக் குழிந்து தேய்ந்துவிட்டதாம். மறுபடி ஆபரேஷன் செய்ய வேண்டும், பழைய குண்டு என்ன வகை, என்ன அளவு என்று தெரியாமல் தொடத் தயங்குகிறார் டாக்டர். அந்த ஆஸ்பத்திரியில் என் ஃபைல் இப்போது இல்லையாம். இருப்பது உங்கள் பெட்டியில் மட்டும். அதைக் கேட்டு எழுதியதற்குத்தான் தைலம் அனுப்பினீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கத்துவார், என்னைத் தாம்பரத்துப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று பயந்தேன். அவர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பட்டறையில் தேய்ந்த சாமானைப் பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்தார். இரும்ப எலும்பு மேல நேராவா வுட்டு ஓட்டுவாங்க, தேயாம இன்னா பண்ணும் என்றார். சொல்லியிருந்தா நானே பம்ப் அடிச்சிருப்பேனே என்றார். கடைசியில், உங்கண்ணன் என்னை இன்னா மாதிரி ஆளுன்னு நெனச்சிகினு இருந்தாரு என்று கேட்டார்.

அன்று முதல் பன்னிரண்டு குடமும் அவர்தான் அடிக்கிறார். மாமியார் கேட்டதற்கு, என் கை சும்மாதானே கீது என்றார். ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறார், தட்டைப் பார்த்தே சாப்பிட்டுப் போகிறார். தோள் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துவிடுவேன் அண்ணா, இதைப் பொறுக்க முடியவில்லை.

அந்தக் காகிதங்களை இந்தக் கடிதம் கண்டதும் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புங்கள். உறையில் என் பெயர் வேண்டாம். இத்தனை வருஷம் எழுதியதுபோல எனக்கு ரகசியமாக எதுவும் வர வேண்டாம். திரு. ப. வேதாசலம் என்று அவர் பெயருக்கு அனுப்புங்கள். கூடவே உங்கள் கைப்பட அவருக்கு இரண்டு வரி எழுதி வையுங்கள். என்ன எழுதுவது என்று உங்களுக்கே தெரியும். எனக்கு ஒன்றும் எழுத வேண்டாம்.

அண்ணிக்கு என் அன்பு. குழந்தைகள் நன்றாக இருக்கட்டும்.

தங்கள் தங்கை,
வே. காந்திமதி