மூடியின் மூன்று சத்தம்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

இங்கே நான் சுகம், அப்பா சுகம், கார் எங்கள் இருவரையும்விடச் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன், இல்லை என்றால் அதையும் மறைக்காமல் எழுது. போனில் சொல்லாமல் எதற்கு இத்தனை பக்கம் என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு நடுவில் புகுந்து பேச்சைத் திருப்பிவிடுகிறார், உனக்கே தெரியும். இப்போது அவரே "எல்லாத்தையும் எழுதிடு, ஒண்ணும் மறைக்காத" என்று சொல்லிவிட்டார், அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். நீ அனுப்பிய கார் ஸ்கேனர் அப்போதே பத்திரமாக வந்து சேர்ந்தது. அது காரில் இருந்த கோளாறைக் கண்டுபிடித்ததைவிட வீட்டில் இருந்த கோளாறைக் கண்டுபிடித்ததுதான் பெரிய கதை.

ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்த பிறகு அப்பா காரைத் தொடவே இல்லை, எல்லா ஓட்டமும் என் தலையில்தான் இருந்தது. கட்டுப் பிரித்து மூன்று மாதம் ஆனதும் கை பழையபடி ஆகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு மறுபடி ஓட்டத் தொடங்கினார். உன்னிடமும் அப்படித்தான் சொன்னார், நானும் நம்பினேன். அவர் ஓட்டத் தொடங்கிய மூன்றாம் வாரம் அந்த மஞ்சள் விளக்கு, செக் இன்ஜின் விளக்கு, எரிய ஆரம்பித்தது. வண்டி என்னவோ வழக்கம்போலத்தான் ஓடியது, சத்தம் இல்லை, புகை இல்லை. ஒர்க்‌ஷாப் தம்பி பார்த்துவிட்டு, பெட்ரோல் டேங்கின் ஆவி எங்கோ கசிகிறது என்று கார் சொல்கிறது, எஞ்சினுக்கு ஆபத்து இல்லை என்றார். அடுத்து அவர் கேட்ட முதல் கேள்வி, "சார், டேங்க் மூடிய நல்லா இறுக்கி மூடினீங்களா?" உன் அப்பாவுக்கு வந்ததே கோபம்! "தம்பி, நான் முப்பத்தஞ்சு வருஷமா ப்ளம்பர். ஊர்ல பாதிப் பேர் வீட்டுக் குழாய இறுக்கினவன் நான். என்கிட்ட மூடிய இறுக்கினியான்னு கேக்குற" என்று அங்கேயே நின்று ஒரு பாட்டம் தீர்த்துவிட்டார். பாவம் அந்தத் தம்பி, அதற்குப் பிறகு மூடிப் பக்கமே போகவில்லை. குழாய் குழாயாகத் தடவிப் பார்த்தார், ஒன்றும் கிடைக்கவில்லை, விளக்கை அணைத்துக் கொடுத்தார். இரண்டு வாரத்தில் மறுபடி எரிந்தது. அடுத்த தடவை ஏதோ வால்வை மாற்றிப் பார்க்கலாம் என்றார், நான் வேண்டாம் என்றேன்.

ஏன் வேண்டாம் என்றேன் தெரியுமா? முப்பது வருஷம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேனே. சர்க்கரை ஏறியிருக்கிறது என்று எண் சொல்லும், ஏன் ஏறியது என்று சொல்லாது. அதற்கு ஆளை விசாரிக்க வேண்டும். ஸ்கேனரை ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் துளையில் செருகிப் படித்தேன், ஒரு எழுத்தும் நாலு எண்ணும் வந்தது, பெரிய கசிவு என்று பொருள். எங்கே பார்க்க வேண்டும் என்று அது சொல்லுமே தவிர, எதை மாற்ற வேண்டும் என்று சொல்லாது. அதனால் எங்கள் கூடத்தில் செய்வதுபோலவே செய்தேன், ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவது. சமையலறை நாள்காட்டியில் எப்போது பெட்ரோல் போட்டோம், எப்போது விளக்கு வந்தது என்று குறித்துவைத்தேன். (புதிதாக வந்திருக்கும் எங்கள் மேலதிகாரிக்கு உன் பள்ளிக்கூடப் பையின் வயதுகூட இருக்காது, அவர்கூட இப்படி ஒழுங்காகக் குறிப்பதில்லை.) பெட்ரோல் போட்ட மூன்றாம் நாள் விளக்கு வந்தது. அழித்தேன். அடுத்த தடவை போட்ட இரண்டாம் நாளே வந்தது. அதற்கடுத்த தடவை அப்பாவுக்குக் காய்ச்சல், நான் போய்ப் போட்டேன், பதினைந்து நாளாகியும் விளக்கு வரவில்லை. காய்ச்சல் விட்டு அவர் போனார், வந்துவிட்டது. எண்கள் இவ்வளவு தெளிவாகப் பேசியும் என் மண்டையில் ஏறவில்லை பார், பங்க் ஆளை விடாமல் தானே நிரப்பும் அவர் குழாயை எங்கோ இடிக்கிறார் என்றுதான் நினைத்தேன். ப்ளம்பர் மூடிய மூடியைச் சந்தேகப்பட யாருக்குத் தோன்றும்?

ஒரு சனிக்கிழமை பங்க்கிலிருந்து வந்ததும் அவர் மாடிக்குப் போய்விட்டார், நான் கீழே நின்று மூடியைப் பிடித்துப் பார்த்தேன். மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா என்று பார்க்கத்தான் போனேன். இரண்டு விரலால் திருப்பியதும் மூடி சுலபமாகச் சுற்றியது, பிறகு அழுத்தித் திருப்பினால் டக், டக், டக் என்று மூன்று சத்தம். இறுகிவிட்டது என்பதற்கு அந்த மூடி கொடுக்கும் சத்தம் அது. முதல் சத்தம் வரைகூட அவர் திருப்பவில்லை. திருப்ப முடியவில்லை. குட்டிம்மா, அங்கேயே நின்று அழுதேன். அடுத்த மாதம் முதல் தேதி வேலைக்கு வருகிறேன் என்று மேஸ்திரியிடம் சொல்லி வைத்திருந்தார், ஆறு மாடிக் கட்டடம். இந்தக் கையோடு மறுபடி ஏணி ஏறப் போகிறாரே! மேலே போய்க் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் இல்லவே இல்லை என்பார், அத்தோடு நாலு நாள் பேச மாட்டார். அதனால் அவர் பெட்ரோல் போட்டுவிட்டு வந்த பிறகு டயரைப் பார்க்கிறேன், கண்ணாடி துடைக்கிறேன் என்று ஏதாவது சாக்குச் சொல்லிக் கீழே போய் இறுக்கிவிட்டு வருவேன். இரண்டு தடவை தப்பித்தேன். மூன்றாம் தடவை துண்டோடு நிமிர்ந்தால் பின்னால் நிற்கிறார். கையும் களவுமாகப் பிடிபட்டேன். சத்தம் போடுவார் என்று பார்த்தால் மெதுவாக, "எத்தன சத்தம் வந்துச்சு?" என்றார். மூன்று என்றேன். "எனக்கு ஒண்ணுகூட வந்ததில்ல" என்றார். மூடியைத் தானே ஒருமுறை தொட்டுப் பார்த்து, "காது கேக்கலன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றார். எதற்கு அப்பா காது டாக்டரிடம் போனார் என்று முன்பு போனில் கேட்டாயே, எனக்கும் தெரியாது என்றேனே, இதற்குத்தானாம்! டாக்டர் காதைச் சுத்தம் செய்து, பத்தொன்பது வயசுப் பையன் காதுபோல இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அதைக் கேட்டு அழுதுகொண்டே சிரித்தேன், அவரும் சிரித்துவிட்டார்.

அன்றைக்கே மேஸ்திரிக்கு அவரே போன் செய்து இப்போதைக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டார். பிசியோதெரபி பெண் கொடுத்த ரப்பர் பந்து அலமாரியில் உன் பழைய ஸ்வெட்டருக்குள் ஒளிந்திருந்தது, வெளியே எடுத்தார். அந்தப் பெண்ணிடம் மறுபடி போகத் தொடங்கினார். அதோடு நிற்காமல் தினமும் காலையில் கீழே போய் டேங்க் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாகப் பயிற்சி. எனக்குத் தெரியாது. கீழ்வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, முகத்தை மிகவும் வருத்தமாக வைத்துக்கொண்டு, "தப்பா நெனைக்காதீங்கம்மா, உங்க வீட்டுக்காரர் தெனமும் பெட்ரோல மோந்து பாக்குறார். இந்த வயசுல இந்தப் பழக்கம் வேண்டாம்னு சொல்லுங்க" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. விஷயம் தெரிந்ததும் வாத்தியார் தினமும் காப்பிக் கோப்பையோடு வெளியே வந்து பக்கத்தில் நிற்க ஆரம்பித்துவிட்டார். ஐந்தாம் வாரம் ஒரு சத்தம் வந்தது என்று அவர்தான் மாடிப்படி முழுக்கக் கத்திக்கொண்டு ஓடி வந்தார், உன் அப்பா பின்னாலேயே வந்து, "சொல்லாதீங்கன்னேனே சார்" என்று கடிந்துகொண்டார்.

போன மாதம் கடைசிச் சனிக்கிழமை நானும் கூடப் போனேன். பெட்ரோல் நிரப்பினார். கண்ணாடியை இறக்கிவிட்டு, ஆனால் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன். ஒன்று கேட்டது. இரண்டு. அப்புறம் வெகுநேரம் ஒன்றும் இல்லை, பின்னால் நின்ற வண்டிக்காரர் ஹாரன் அடித்தார், உன் அப்பா அசைந்து கொடுக்கவில்லை. மூன்று. காரில் ஏறி உட்கார்ந்து ஒன்றுமே நடக்காதவர்போல பெல்ட்டைப் போட்டுக்கொண்டார், காது மட்டும் சிவந்திருந்தது. நான் கீழே இறங்கவில்லை, தொட்டுப் பார்க்கவில்லை. இன்றோடு பத்தொன்பது நாள், விளக்கு வரவில்லை. வேலைக்குப் போக இன்னும் நாள் இருக்கிறது, ஏணி இந்த வருஷம் கிடையாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அவரும் மறுப்பில்லாமல் தலையாட்டினார். இந்த வீட்டில் இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து வெகுநாளாயிற்று.

இனி உனக்கு. உன் காரிலும் அந்த விளக்கு ஒரு மாதமாக எரிகிறது என்று போகிறபோக்கில் சொன்னாய், நான் மறக்கவில்லை. விளக்கு மின்னி மின்னி எரிந்தால் உடனே ஓரம் கட்டி நிறுத்து, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டாதே. நிலையாக எரிந்தால் பயமில்லை, ஆனால் பழகிவிட்டது என்று விட்டுவிடவும் கூடாது. முதலில் மூடியைப் பார், சரியாக மூடிய உடனே அணையாது, சில நாள் ஓடி அதுவே சோதித்துப் பார்த்துத்தான் அணையும், அவசரப்படாதே. அதற்கும் போகாவிட்டால் எண்ணைப் படிக்கச் சொல். எண் வந்ததும் எதையாவது மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், எப்படித் தெரியும் என்று ஒரு கேள்வி கேள். மாப்பிள்ளை மூடியிருந்தால் கேட்கும் விதமாகக் கேள், ஒர்க்‌ஷாப் தம்பிபோல மாட்டிக்கொள்ளாதே.

இன்னொன்று, உன் பிறந்தநாள் அட்டையில் அப்பா கையெழுத்து என்று இருந்தது நான் போட்டது. அவர் போடச் சொன்னார், நான் போட்டேன், மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. இந்தத் தடவை பேனாவை அவரே வாங்கிக்கொண்டார், அரை மணி நேரமாக என்னை எழுந்து போகச் சொல்கிறார். நேரத்துக்குத் தூங்கு, போர்வை போதவில்லை என்றால் இன்னொன்று வாங்கிக்கொள். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும். விளக்கைப் பார்க்க மறக்காதே.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா

குட்டிம்மா, கை இன்னும் கொஞ்சம் நடுங்குது, எழுத்து கோணலாத்தான் இருக்கும். ஆனா இது நான் எழுதினது.
அப்பா