பிலோமினா ஆன்டியின் கெட்டித் தேநீர்

புதன் இரவு.

எங்கள் பார்மசி வேனில் கிள்ளான் முதியோர் இல்லத்துக்கு மருந்தும் டயப்பரும் கையுறையும் கொண்டுபோனேன். முந்தாநாள் கொடுத்த, பானத்தைக் கெட்டிப்படுத்தும் மாவு டின் திறக்காமலே இருந்தது. அங்கே இருக்கும் பிலோமினா ஆன்டிக்குத் தண்ணீர் குடித்தால் புரையேறும். எதிலும் அந்த மாவைக் கலந்துதான் குடிக்கவேண்டும். அவரோ குடிப்பதையே நிறுத்திவிட்டார். இன்றும் இப்படியே போனால் ஆஸ்பத்திரிதான் என்றார் நர்ஸ்.

தேநீரில் மாவைக் கலக்கிக் கொடுத்தோம். "இது தேத்தண்ணியா, போஸ்டர் ஒட்டுற பசையா?" என்றார் ஆன்டி.

எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் ஊர் வம்பு. "எங்க பாஸ் திடீர்னு ஏன் தலைக்கு டை அடிக்கிறாரு தெரியுமா ஆன்டி?" என்று ஆரம்பித்து நிறுத்தினேன்.

"ஏன்டா?"

"ஒரு வாய் குடிங்க. முழுங்கின பிறகுதான் மிச்சம் லா."

முறைத்தார். குடித்தார். வாய்க்கொரு வம்பாகப் பாதிக் கோப்பை இறங்கியது. ஊர் வம்பு தீர்ந்துபோய், என் மனைவி என்னைத் திட்டுவதையெல்லாம் எடுத்துவிட வேண்டியதாயிற்று. அதற்குத்தான் கோப்பை காலியானது.

"நாளைக்கும் வாடா."

நாளை அங்கே எனக்கு டெலிவரி கிடையாது. அதனால் ஒரு பெட்டி கையுறையை இறக்க மறந்ததுபோல் வேனிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.