தெற்கே சரிந்த வீடு

மே 4, ஞாயிறு

காலை முழுக்கத் தூறல். சமையல் கராஜுக்குள்தான். குசினி இன்னும் குசினியாகவில்லை.

செய்ய: முன்னறை ஜன்னல், மற்றப் பக்கம் சுரண்ட. உப்புத்தாள் வாங்க. மின்சாரக்காரருக்குப் போன் (நாளைக்கு. நாளைக்கு என்று எத்தனை நாள்!)

ஜன்னலில் வெள்ளைக்குக் கீழே பச்சை. பச்சைக்குக் கீழே ஒரு மங்கல் மஞ்சள். யாரோ ஒருத்தி கடையில் நின்று இந்த மஞ்சளைத் தெரிந்தெடுத்திருப்பாள். என்ன நினைத்து எடுத்தாளோ. சுரண்டுவதை விட்டுவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை எப்படி முடியும்?

மத்தியானம் ரோவில் பக்கத்திலிருந்து மச்சாள் வந்தா, இவரின் அக்கா. கையில் புது வீடுகளின் படப் புத்தகம். இடித்துவிட்டுக் கட்டச் சொல்கிறா. இந்த வீட்டின் குடிபூரலன்று காய்ச்சின பால் தெற்குப் பக்கமாகப் பொங்கி வழிந்ததை அவ மறக்கவே இல்லை.

“தெற்கு யமன்ர பக்கம், தம்பி. இந்த வீடு உங்களுக்கு வேண்டாம்.”

வீட்டைக் கீழே தாங்குகிற மரக்கட்டைகள் உக்கி, வீடே தெற்கே சரிந்து நிற்கிறது. பால் பிறகு எங்கே போய் வழியும், கூரைக்கா? சொன்னேன். கேட்டால்தானே.

மச்சாள் போய்விட்டா. ஆனால் படப் புத்தகம் இப்போது இவரின் தலைமாட்டில்.

இந்த ஊருக்கு வந்த நாள் தொட்டு வாடகை வீடுகள். ஓர் ஆணி அடிக்கவும் அனுமதி கேட்க வேணும். இது நான் ஒற்றைக் காலில் நின்று வாங்குவித்த வீடு. இதை இடித்தால் நான் தாங்கமாட்டேன்.

மே 6, செவ்வாய்

குளிர். இந்த நாட்டில் மே இப்படித்தான். கட்டை மாற்றுகிற பீற்றர் வந்தார். ஜாக்கி வைத்துத் தூக்கி, உக்கினதை எடுத்துவிட்டு, சீமெந்துத் தூண் வைப்பாராம். ஒரேயடியாகத் தூக்கினால் சுருக்காக முடியும். ஆனால் முன்னறை முகட்டில், தலைக்கு நேர் மேலே, சாந்தால் செய்த பெரிய பூ இருக்கிறதே, இதழ் இதழாக, வீட்டின் வயதுதான் அதற்கும். அது வெடித்து விழும்.

ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கச் சொன்னேன். பீற்றர் முகத்தைச் சுழித்துக்கொண்டு சம்மதித்தார்.

இவர் ஒரு நிபந்தனை வைத்தார். வீடு நேராகும்வரை பொறுப்பார். ஒரு கீறல் விழுந்தாலும் இடிப்பதுதான்.

“அதுக்குப் பிறகு நீர் ஒரு கதையும் கதைக்கக் கூடாது.”

ஓம் என்றேன். வேறென்ன சொல்ல.

மே 8, வியாழன்

மெல்லிய வெயில். வேலைக்கு லீவு, முதுகுப் பிடிப்பு (பாதி பொய்).

பீற்றர் கீழே, நான் மேலே. அவர் ஜாக்கியைத் திருப்பும்போது வீடு முனகுகிறது. நித்திரையில் புரண்டு படுக்கிற ஆள் மாதிரி. பிறகு அமைதி. பூவுக்கு நேர் கீழே பாய் போட்டுப் படுத்தேன். விழுந்தால் என் மேலே விழட்டும்.

தூசி வெயிலில் மிதந்தது. நான் படுத்தபடியே மெல்ல மேலே போகிறேன், ஒரு நாளைக்கு ஒரு நகக்கண் அளவு. இப்படியே போனால் எங்கே போய்ச் சேருவேன் என்று யோசித்தேன். சிரிப்பு வந்தது.

பின்னேரம் மளிகைக் கடை வரிசையில் முன்னால் ஒரு பெண் போனில்: “எதுக்குடி ரெனவேஷன்? எல்லாரும் இடிச்சுட்டுத்தான் கட்டுறாங்க.” இவளுமா! கறிவேப்பிலையை எடுக்க மறந்து வந்துவிட்டேன்.

மே 11, ஞாயிறு

பீற்றருக்கு ஓய்வு. வீட்டுக்கும்.

மழை நின்ற வெளிச்சம். ஜன்னலின் பழைய கண்ணாடியில் நெளிவு இருப்பதால் வெளியே வேலியும் நெளிகிறது, ஆற்றுக்குள் கிடப்பது போல. மஞ்சளை இனிச் சுரண்டுவதில்லை என்று முடிவு.

என்னைத் தேடி இவர் முன்னறைக்கு வந்தார். சப்பாத்தோடு நின்றார். பிறகு சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பாயின் ஓரத்தில் இருந்தார். பிறகு பாயில் சரிந்தார். மல்லாந்து கிடந்து கனநேரம் முகட்டைப் பார்த்தார். பார்த்தபடியே நித்திரை. இந்த வீட்டுக்கு வந்த பிறகு இவர் பகலில் கண்ணயர்ந்ததே இல்லை. போர்வை போட்டுவிட்டேன். தேத்தண்ணி ஆறிப்போனது. எழுப்ப மனம் வரவில்லை.

இதை இங்கே மட்டும் எழுதுகிறேன். காலையிலேயே கண்டுவிட்டேன். பூவின் ஓர் இதழ் ஓரத்தில் மயிரளவு கீறல்.

சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

மே 13, செவ்வாய்

காற்று. ரெயில் பிந்தி, வீட்டுக்கு வர இருட்டிவிட்டது. பீற்றரின் வேலை வான் வாசலில் இல்லை. ஓடி உள்ளே போனேன். முன்னறையில் இவர் ஏணியில் நிற்கிறார், கையில் சின்னத் தகடு, மூக்கில் வெள்ளைப் பூச்சு. கீறலை அடைத்துக்கொண்டிருக்கிறார்.

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

“ஞாயிற்றுக்கிழமையே கண்டனான். படுத்துக் கிடக்கேக்க,” என்றார், திரும்பாமல்.

நான் ஏணியைப் பிடித்தேன். இவர் தடவினதையே திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருந்தார். பிறகுதான் பீற்றரின் கதையைச் சொன்னார். பீற்றருக்கு வேறெங்கோ அவசர வேலையாம். மிச்சத்தை இன்றைக்கே ஒரேயடியாகத் தூக்கி முடித்துவிடட்டுமா என்று இவரிடம் கேட்டிருக்கிறார்.

நான் இல்லாத நேரம் பார்த்து! “என்ன சொன்னீங்கள்?” என்றேன்.

“அந்த வேலையை முடிச்சிட்டு அவசரப்படாமல் ஆறுதலா வாரும் எண்டு சொன்னனான். நாங்கள் இங்கதானே இருக்கப்போறம்.”