முட்டைப் பெட்டியில் கை வைத்த கதை

மே 6

கீழ்வீட்டில் அக்காவின் வாத்து முட்டைகளுக்குப் பத்து நாள் ஆகிறது. நான் செய்து கொடுத்த பெட்டி சமர்த்தாக ஓடுகிறது. உள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு போர்டு, அவ்வளவுதான். சூட்டைப் பார்த்து பல்பைப் போட்டு அணைக்கிறது, நேரத்துக்கு மோட்டாரைச் சுற்றி முட்டைகளைப் புரட்டுகிறது.

தையல் கடையை மூடியதிலிருந்து சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அக்கா, இப்போது பல்கூடத் தேய்க்காமல் பெட்டிக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். குஞ்சு பொரித்தால் பின்பக்கம் வாத்து வளர்ப்பாளாம். பொரிக்காவிட்டால்? "அப்புறம் இந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்டி" என்றாள். விளையாட்டாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

அத்தான் பெட்டிக்கு 'முட்டை அடுப்பு' என்று பெயர் வைத்திருக்கிறார்.

மே 9, சனி

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாகிவிட்டது.

பெட்டிக்குள் ஈரத்துக்காக ஒரு தண்ணீர்த் தட்டு உண்டு. தண்ணீர் குறைந்தால் போனுக்குச் செய்தி வரட்டுமே என்று தட்டில் ஒரு சின்ன மிதவையை வைத்து, அதன் வயரை, போர்டின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிக் கால்களில் காலியாக இருந்த ஒன்றில் பற்றவைத்தேன். பிறகு போர்டை ஓட்டும் புரோகிராமை, அதாவது புது ஃபர்ம்வேரை, லேப்டாப்பிலிருந்து ஏற்றினேன். எப்போதும் போர்டில் உள்ள சின்ன பட்டனை அழுத்திப் பிடித்தால்தான் புதிதாக எதையும் வாங்கிக்கொள்ளும். இன்று அழுத்தாமலேயே வாங்கிக்கொண்டது. என்ன பணிவு என்று மெச்சிக்கொண்டேன்.

ஏற்றி முடிந்தது என்றது லேப்டாப். அதோடு சரி. ஓடுகிறதென்று காட்டும் நீல விளக்கு மின்னவில்லை, பல்பு எரியவில்லை. கரண்ட் வருகிறதென்று காட்டும் சிவப்பு விளக்கு மட்டும் முழித்துக்கொண்டிருந்தது.

பல்பை நேராக ஸ்விட்சில் மாட்டிவிட்டேன். தெர்மாமீட்டரைப் பார்த்துப் பார்த்து அக்கா போட்டு அணைக்கிறாள்.

மே 10

பழைய ஃபர்ம்வேரையே திரும்ப ஏற்றினேன். எழவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஏற்றினேன். எழவில்லை. வேறு கேபிள். ம்ஹூம். ஒவ்வொரு முறையும் நல்ல பிள்ளை மாதிரி வாங்கிக்கொள்கிறது, பிறகு கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறது. புதுப் போர்டு வர ஒரு வாரம் ஆகும் என்கிறார்கள். முட்டைக்கு அது தெரியுமா?

"வேற ஏதாவது மாத்தினியா?" என்று அத்தான் கேட்டார். "ஃபர்ம்வேர் மட்டும்தான் அத்தான்" என்றேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

முட்டைகளைக் கையால் புரட்ட வேண்டியிருக்கிறது. எதைப் புரட்டினோம் என்று குழம்பாமலிருக்க அக்கா ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு பக்கம் கோடு போட்டிருக்கிறாள். அடுப்பு என்று கிண்டல் செய்த மனுஷன் இப்போது ஸ்விட்ச் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு புள்ளி இறங்கிடுச்சு, போடவா?" என்று பயந்து பயந்து கேட்கிறார். இத்தனை கலவரத்திலும் அவரைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மே 11

லீவு போட்டேன்.

காலையில் நம்பிக்கையே இல்லாமல் போர்டின் ரீசெட்டைத் தட்டினேன். நீல விளக்கு மின்னியது! நான் போட்ட சத்தத்தில் அக்கா ஓடிவந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஐயோ, நேத்து இருந்த அவசரத்துல தட்டைக் கவனிக்கவே இல்லையே, காஞ்சு கிடக்கு பாரு" என்று ஜக்கை எடுத்துத் தண்ணீரை விளிம்பு வரை ஊற்றினாள். அவளுக்கு எதையும் தளும்பத் தளும்ப ஊற்றினால்தான் திருப்தி.

அத்தான் வந்து, "எங்க, எனக்கும் காட்டு" என்றார். காட்டுவதற்காக அணைத்துப் போட்டேன்.

போச்சு. மறுபடி சிவப்பு மட்டும்.

"என் மூஞ்சி பிடிக்கல போல" என்றார் அத்தான்.

நான் அக்கா கையிலிருந்த ஜக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு தட்டை. மிதவை மேலே எழும்பி நின்றது.

அட லூசே!

காலியாக இருக்கிறதென்று நான் வயரைப் பற்றவைத்த கால் காலியே இல்லை. அந்தச் சின்ன பட்டனும் அதே காலோடுதான் சேர்ந்திருக்கிறது. தட்டு நிரம்பி மிதவை எழும்பி நிற்கும்போது ஸ்விட்சைப் போட்டால், யாரோ பட்டனை அழுத்திப் பிடித்திருக்கிறார்கள் என்று போர்டு நினைத்துக்கொள்ளும். ஃபர்ம்வேர் வரப்போகிறது என்று வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்திருக்கிறது, பாவம். காலையில் தட்டு காய்ந்து மிதவை இறங்கியிருந்ததால்தான் எழுந்தது. அது சாகவே இல்லை. நான்தான் உயிரோடிருந்ததற்குத் திரும்பத் திரும்ப வைத்தியம் பார்த்திருக்கிறேன்.

நான் வேலை பார்க்கும் லிஃப்ட் கம்பெனியில் எந்த போர்டு பழுதுக்கு வந்தாலும், "வேற எந்த வயரைத் தொட்டீங்க?" என்று முதலில் கேட்கிறவள் நான். ஊருக்குத்தான் உபதேசம்.

வயரைப் பக்கத்துக் காலுக்கு மாற்றினேன். தட்டு தளும்பத் தளும்ப இருக்கும்போதே அணைத்துப் போட்டேன். எழுந்தது. மூன்று பேரும் கைதட்டினோம்.

மே 12

போர்டு பிழைத்தது சரி, முட்டைகள்? விளக்கை அணைத்துவிட்டு ஒவ்வொன்றின் அடியிலும் டார்ச் வைத்துப் பார்த்தோம். இரண்டில் ஒன்றும் தெரியவில்லை. மற்றவற்றில் நரம்பும், நடுவே ஒரு துடிப்பும். அக்கா அந்த இரண்டையும் தனியே எடுத்து வைத்தாள்.

மே 18

ஓடுகிறது. தொடவில்லை.

மே 24, ஞாயிறு

பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து அத்தான் குரல்: "சீக்கிரம் வாம்மா, ஓடு விரியுது!" வாயில் நுரையோடு இறங்கினேன்.

சாயங்காலத்துக்குள் ஒன்றைத் தவிர எல்லாம் வந்துவிட்டன. ஈரமும் கோணலுமாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, ஒரே கூச்சல். அக்கா ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

பிறகு ஆரம்பித்தாள். போர்டு படுத்திருந்தபோது என்னை ஒரு வார்த்தை சொல்லாதவள், இன்று சேர்த்து வைத்துக் கொட்டினாள். "நல்லா ஓடிக்கிட்டிருக்கறதுல போய் எவளாவது கை வைப்பாளாடி? அறிவிருக்கா உனக்கு? எனக்கு அன்னிக்கு உசிரே இல்ல, தெரியுமா?" அழுதுகொண்டே திட்டினாள். குஞ்சு பயந்துவிடக் கூடாதென்று குரலை உயர்த்தாமல் திட்டினாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"அடுத்த தடவை முட்டை வைக்கறப்ப, நீ மாடிய விட்டு இறங்கவே கூடாது, சொல்லிட்டேன்."

அடுத்த தடவையாம்!