பெட்ரோலிலும் உதறியது

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மச்சான் எழுதுகிறேன். உறைமேல் என் கையெழுத்தைப் பார்த்த பிறகும் கிழித்துப் போடாமல் பிரித்தீர்களே, அதற்கே நன்றி. நீங்களும் பாப்பாவும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே என் வீட்டுக்காரிக்கு முழங்கால் வலி, எனக்கு அடுத்த கடை வெல்டிங்காரரோடு வாய்ச்சண்டை. மற்றபடி பழைய கதைதான்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வெள்ளைக் கார் இந்த மூன்று வருஷமும் என் பட்டறையின் பின்பக்கம், தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. சாவியை என் மேஜைமேல் வைத்துவிட்டு நீங்கள் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போன நாளிலிருந்து நான் அதைத் தொடவில்லை. தங்கச்சி கடைசியாகச் சாய்ந்திருந்த சீட்டைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை என்று எல்லோரிடமும் சொல்லிவந்தேன். அது பாதி உண்மை.

போன வாரம் ஒரு காய்கறிக் கடைக்காரர் வந்து வண்டியைக் கேட்டார். பெட்ரோல், கேஸ் இரண்டிலும் ஓடுகிற பழைய வண்டியாகத் தேடுகிறாராம். உங்களைக் கேட்காமல் தர மாட்டேன், ஓடுகிறதா என்று மட்டும் பார்த்து வைக்கிறேன் என்றேன். கெட்டுப்போன பெட்ரோலை இறக்கிப் புதிதாக ஊற்றி, வேறு பேட்டரி வைத்து, செவ்வாய்க்கிழமை காலையில் ஸ்டார்ட் செய்தேன். கேஸில் பிடித்துக்கொண்டது. பிடித்த கையோடு மிஸ்ஸிங். நாலு பேர் தூக்க வேண்டிய பாரத்தில் ஒருவர் கையை விட்ட மாதிரி வண்டி முழுக்க உதறியது.

எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கேஸ் போட்ட வண்டி உதறினால் கண்ணை மூடிக்கொண்டு கேஸைத்தான் குறை சொல்வோம். அது சரியா என்று பார்க்க ஒரு சுவிட்சைத் தட்டினால் போதும். பெட்ரோலுக்கு மாற்றியதும் உதறல் நின்றால் கோளாறு கேஸ் பக்கம். நிற்காவிட்டால் தீப்பொறி பக்கம்.

சுவிட்சைத் தட்டினேன். பெட்ரோலிலும் உதறியது.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன், மாப்பிள்ளை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நீங்கள் மழையில் நனைந்துபோய் நின்று சொன்னது காதில் கேட்டது. "மச்சான், பெட்ரோலுக்கு மாத்திப் பார்த்தேன், அப்பவும் எடுக்கல" என்றீர்கள். மூச்சுத் திணறிய தங்கச்சியைப் பின்சீட்டில் பாப்பாவோடு உட்கார வைத்துக் கிளம்பினீர்கள். பாலத்து ஏற்றத்தில் வண்டி நின்றது. தள்ளிப் பார்த்து, போகிற வண்டிகளையெல்லாம் கும்பிட்டு, ஒன்றைப் பிடித்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அப்போது நான் என்ன சொன்னேன்? "பெட்ரோலை மிச்சம் பிடிக்க என் தங்கச்சியைக் கொன்னுட்டியேடா, ஒரு சுவிட்சைப் போட உனக்குக் கை வரலையா" என்று கத்தினேன். உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு பாப்பா நின்றிருந்தாள். ஆறு வயசுக் குழந்தை.

பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பிளக் நாலையும் கழற்றினேன், நன்றாகத்தான் இருந்தன. ஒயர்களை மாற்றினேன். காயிலை மாற்றினேன். உதறல் போகவில்லை. மறைக்காமல் சொல்கிறேன், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தேன். அதில் கை வைக்க மதியம் ஆகிவிட்டது.

மூடியின் உள்பக்கம் மயிரிழை போல ஒரு விரிசல். அதன்மேல் சிவப்பு நகப்பூச்சு.

அந்த மழை நாளுக்குப் பத்து நாள் முன்னால் கேஸில் லேசாக உதறுகிறது என்று தங்கச்சியோடு பட்டறைக்கு வந்தீர்கள், நினைவிருக்கிறதா? நீங்கள் டீ வாங்கப் போன நேரத்தில் நான் அந்த விரிசலைப் பார்த்தேன். நாலு பிளக்குக்கும் தீப்பொறியைப் பங்கிட்டு அனுப்புவது அந்த மூடிக்குள்தான். விரிசலில் ஈரம் ஏறினால் பொறி அந்த வழியாகவே ஓடிவிடும். முதலில் கேஸில் காட்டும், நல்ல மழை என்றால் பெட்ரோலிலும் நின்றுவிடும். புது மூடி கையில் இல்லை. அவசரத்துக்கு நகப்பூச்சு தடவி அனுப்புவது எங்களுக்குள் நடக்கிறதுதான். தங்கச்சியிடம் கேட்டேன். கைப்பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தாள். "ஏண்ணா, வண்டிக்கும் அலங்காரமா? எனக்குக் கொஞ்சம் மிச்சம் வை" என்று சிரித்தாள். அவள் சுண்டுவிரலிலும் ஓர் இழுப்பு இழுத்துவிட்டேன்.

டீயோடு வந்த உங்களிடம், "ஒண்ணுமில்ல மாப்பிள்ள, கேஸ்ல குப்பை" என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த வாரம் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். மறந்துபோனேன்.

ஆஸ்பத்திரியில் போர்வைக்கு வெளியே அவள் கை கிடந்தது. சுண்டுவிரலில் அந்தச் சிவப்பு பாதி மிச்சம் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் உங்கள் பக்கம் திரும்பிக் கத்தினேன். தெரிந்தே கத்தினேன் என்று சொல்ல வாய் வரவில்லை. தெரியாமல் கத்தினேன் என்று சொல்லவும் இப்போது முடியவில்லை. அரை நாள் வேலையைத் தார்ப்பாய் போட்டு மூன்று வருஷம் மூடி வைத்தவன் நான்.

புது மூடி போட்டேன். இப்போது இரண்டிலும் அலுங்காமல் ஓடுகிறது. சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

போன மாதம் பாப்பா போனில் என் வீட்டுக்காரியிடம், "அத்தை, அப்பா அன்னிக்கு சுவிட்ச் போடவே இல்லியாமே, நிஜமா?" என்று கேட்டாளாம். நீங்கள் ஓட்டும் வண்டியில் ஏற மாட்டாள், பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போகிறாள், நீங்கள் பத்தடி பின்னால் நடக்கிறீர்கள் என்பதும் தெரியவந்தது. அந்தப் பத்தடி நான் உண்டாக்கியது. அப்போதே எழுதியிருக்க வேண்டும். எழுத என்னிடம் அன்றைக்கு நேர்மை இல்லை.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் கொடுத்துவிடுவீர்கள், உங்கள் குணம் எனக்குத் தெரியும். கூட இருக்கிற தாள் பாப்பாவுக்கு. நீங்கள் படித்துக் காட்ட வேண்டாம், அவள் கையில் கொடுங்கள். அவளே படிக்கட்டும் என்று பெரிய பெரிய எழுத்தாக எழுதியிருக்கிறேன். வண்டியை என்ன செய்வது என்று நீங்கள் சொல்வதுதான் முடிவு.

இப்படிக்கு,
நீங்கள் இன்னும் ஒத்துக்கொண்டால், உங்கள் மச்சான்.

*

பாப்பாவுக்கு,

மாமா எழுதுகிறேன். அன்றைக்கு அப்பா சுவிட்சைப் போட்டார். வண்டியைச் சரியாகப் பார்க்காமல் விட்டது மாமா. அப்பா மேல் பழி போட்டதும் மாமா. மாமா சத்தமாகச் சொன்னதால் உனக்கு அது உண்மை மாதிரி இருந்திருக்கும். அது பொய். அம்மாவைக் காப்பாற்ற என்னென்ன முடியுமோ எல்லாம் உன் அப்பா செய்தார்.

மாமா மேல் கோபப்படு. எத்தனை வருஷம் வேண்டுமானாலும் பேசாமல் இரு. ஆனால் நாளைக்குப் பள்ளிக்கூடம் போகும்போது ஓர் இடத்தில் கொஞ்சம் நில்லு, கண்ணு. பின்னால் அப்பா வந்துகொண்டிருப்பார். அவர் வந்து சேரட்டும்.