மையவாடிச் சுவரின் வெளிப்பக்கம்

ஜூலை 7, திங்கள்

கச்சான் காற்று. ஜன்னலைத் திறந்தால் மேசை முழுக்க மணல். கணக்குப் பரீட்சை முடிந்தது, விஞ்ஞானம் மீதி.

நல்ல செய்தி. கொரோனாவில் மௌத்தான ஊரவர்களின் பெயர்களை எழுத எங்கள் வாசிப்பு வட்டம் கேட்ட சுவர் கிடைத்துவிட்டது. பள்ளிவாசல் தலைவர் ஹாஜியார் சம்மதித்துவிட்டார். ஊர் மையத்துகளை அடக்கும் மையவாடி மதிலின் உட்பக்கம், வாசலுக்கு இடப்புறம். வெள்ளைச் சுவர், கறுப்பு எழுத்து. படம் இல்லை, பூ இல்லை. வட்டத்தை நடத்தும் டீச்சர் எல்லோருக்கும் ரோல்ஸ் வாங்கித் தந்தார். என் கூட்டாளி நுஸ்ரா (இனி நு.) இரண்டு எடுத்தாள்.

ஜூலை 10, வியாழன்

எழுதி முடிந்தது. வாப்பா போய்ப் பார்த்துவிட்டு, "எழுத்து வடிவா இரிக்கி" என்றார்.

பின்னேரம் பக்கத்து வீட்டு ஜெஸீமா மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"மகள், மாமாட பேர் மேலயா கீழயா?"

"தெரியா மாமி. நான் பாக்கல்ல."

"நீதானே எழுதுவிச்ச?"

"உள்ளுக்குத்தானே மாமி இரிக்கி."

எங்கள் ஊரில் பெண்கள் மையவாடிக்குள் போவதில்லை. வாசிப்பு வட்டத்தில் பாதிக்கு மேல் பெண்கள். ஒருவருக்கும் இது தோன்றவில்லை. எனக்கும்தான். இவ்வளவு புத்தகம் வாசித்து என்ன.

மாமி கேட்பதில் நியாயம் இருக்கிறது. மாமியின் புருஷன், மாமா, கொழும்பில் மௌத்தானார், கொரோனா என்று அரசாங்கம் அங்கேயே எரித்துவிட்டது. அடக்க விட்டது பிறகுதான், அதுவும் தூரத்தில், ஒரே இடத்தில். மாமாவுக்குக் கபுறு எங்கேயும் இல்லை. மாமி ஸலாம் சொல்ல ஒரு இடம் இல்லை. பெயர் எழுதலாமா என்று வீடு வீடாகக் கேட்டபோது முதலில் ஓம் சொன்னவர் அவர்தான்.

ஜூலை 11, வெள்ளி

ஜும்ஆவுக்குப் போன வாப்பாவிடம் சொல்லி ஃபோனில் படம் எடுப்பித்தேன். மாமி இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இதென்ன, காகம் எச்சம் போட்டிருக்கா?"

"நிழல் மாமி."

கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பித் தந்தார். "ஃபோனுக்கா ஸலாம் சொல்ற? சார்ஜ் முடிஞ்சா மனிசனும் போயிருவார்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நு. சொல்கிறாள்: "திரும்பப் போய்க் கேட்டா ஹாஜியார் ஏசுவார்." ஏசட்டும். நாளைக்குப் போகிறோம்.

ஜூலை 12, சனி

ஹாஜியார் வீட்டு முன் விறாந்தை. அவர் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். நான் மனப்பாடம் செய்து போன மூன்று காரணங்களும் மறந்துவிட்டன. வெளிப்பக்கத்திலும் எழுத வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

"அது ரோட்டுப் பக்கம் மகள். ரியூஷன் நோட்டிஸ் ஒட்டுவானுகள். ஆடு வந்து உரசும். மௌத்தானவங்கட பேருக்கு ஒரு மரியாத வேணும்."

"உள்ளுக்கு இரிந்தா ஜெஸீமா மாமிக்குப் பாக்க ஏலாதே."

உள்ளேயிருந்து அவருடைய மனைவியின் குரல்: "எனக்கும்தான் ஏலா. என்ட தம்பியிட பேரும் அதுலதான் இரிக்கி."

ஹாஜியார் நகவெட்டியைக் கீழே வைத்தார். "இத நீ முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"கூட்டம் நடக்கக்குள்ள என்னட்ட டீதானே கேட்டீங்க."

நு. சிரிப்பை அடக்க முக்காட்டு நுனியை வாயில் வைத்துக்கொண்டாள். ஹாஜியார் மிச்ச நகத்தையும் வெட்டி முடித்தார்.

"சபையில ஒண்டு ரெண்டு பேர் விடமாட்டாங்க. கதைச்சுப் பாக்கிறன்," என்றார்.

ஜூலை 16, புதன்

விஞ்ஞானப் பரீட்சை. மூன்றாம் கேள்வி பிழை என்று நினைக்கிறேன். அலமாரியில் எலி. அட்லஸின் மூலையைத் தின்றிருக்கிறது, அவுஸ்திரேலியா பாதி இல்லை.

வெளிச்சுவர் சரி. ஹாஜியார் வாப்பாவிடம் சொல்லியனுப்பினார். விளக்கு வைக்கக் கூடாது, பூப் போடக் கூடாது. உள்ளே எழுதியதும் அப்படியே இருக்கும்.

மாமியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தார். "ம்" என்றார். அவ்வளவுதான். கத்தி மட்டும் கொஞ்ச நேரம் நின்றது.

ஜூலை 25, வெள்ளி

காற்று குறைவு. வெளிச்சுவரிலும் பெயர்கள் எழுதி முடிந்தது. அஸர் தொழுகைக்குப் பிறகு மாமி, நான், நு. மூன்று பேரும் போனோம். மாமி உடுத்திருந்தது பெருநாள் அபாயா.

பெயர் எங்கே என்று காட்டக் கையைத் தூக்கினேன். மாமி அதற்கு முன்னமே கண்டுவிட்டார். நேரே அதற்கு எதிரே போய் நின்றார். ஸலாம் சொன்னார். துஆ ஓதுவார் என்று நாங்களும் கையேந்தினோம். மாமி ஓதவில்லை. வீட்டில் கதைப்பதுபோலவே கதைத்தார்.

"மூத்தவன் கட்டாருக்குப் போயிட்டான். சின்னவன் சொல்லுக் கேக்கிறானில்ல. கிணத்து மோட்டர் திரும்பவும் பழுது. நீங்க திருத்தின அதே இடம்தான்..."

நு. கிட்டப் போகப் பார்த்தாள். சட்டையைப் பிடித்து இழுத்தேன். அக்கரைப்பற்று பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டே போனது. மிச்சம் கேட்கவில்லை.