கஸ்டிகோ எழுந்து போகும் இடங்கள்

ஜூன் 6, 1994, திங்கள்

கண்ணிவெடி எடுக்கும் குழு வந்துவிட்டது. எட்டு ஆண்கள், ஒரு லாரி, இரும்பு இருந்தால் ஒலிக்கும் கருவி இரண்டு. தலைவர் பாபியாவோ, தெற்கே இன்யம்பானே ஊர்க்காரர். பள்ளி மைதானத்தை வேலிக்கு வெளியே நின்றே பார்த்தார். “உள்ள என்ன இருக்குன்னு ஊர்ல யாருக்குத் தெரியும், தலைமையாசிரியரே?” என்று கேட்டார். இதுவரை உள்ளே போய்ப் பார்த்தது ஓர் ஆடுதான், அது விவரம் சொல்லத் திரும்பவில்லை என்றேன். அதையும் குறித்துக்கொண்டார்.

ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் பள்ளி திறக்காவிட்டால் இரண்டு ஆசிரியர்களையும் வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்களாம். மாவட்டத்திலிருந்து கடிதம். பிறகு பள்ளி என்று நான் ஒருவன்தான் மிஞ்சுவேன்.

ஜூன் 8

தெரிந்த ஆள் இருக்கிறான். பாபியாவோவிடம் சொல்லவில்லை.

கஸ்டிகோ. சந்தையில் சைக்கிள் பழுது பார்ப்பவன். போரின்போது பள்ளியில் முகாமிட்டிருந்த படையில் இருந்தான். அங்கே வெடி புதைத்தவர்களில் உயிரோடு இருப்பது அவன் மட்டும். ஊருக்கே தெரியும். ஊரே பேசாது. போன வருடம் அவன் திரும்பியபோது வைத்தியக்காரி திலோசா அவனை மூலிகைத் தண்ணீரில் குளிப்பாட்டினாள். படை உடையை ஒரு சின்னக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினோம். அவன் திரும்பிப் பார்க்காமல் ஊருக்குள் நடந்து வந்தான். நானும் நின்று கைதட்டினேன். அதற்குப் பிறகு அவன் போரில் செய்ததை அவன் சொல்லக்கூடாது, நாங்கள் கேட்கக்கூடாது. பேச்செடுத்தால் போர் அவன் வீட்டைத் தேடி வந்துவிடும்.

ஜூன் 11

கேட்டுவிட்டேன். சந்தையில், பத்துப் பேருக்கு முன்னால். “எங்கெங்க புதைச்சே, கஸ்டிகோ?”

டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. கருவாடு விற்கும் ஃபெலிசார்தாதான் கத்தினாள். “படிச்ச மனுஷனாய்யா நீங்க? குளிப்பாட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தவனை மறுபடியும் சேத்துல தள்ளுறீங்களே!”

எதுக்கு வாயைத் திறந்தேன்? கேட்டா சொல்லிடுவான்னு நெனச்சேனா?

ஜூன் 12

கஸ்டிகோவுக்குக் காய்ச்சல். ஊரில் யாருக்கும் அதில் ஆச்சரியம் இல்லை. திலோசா எனக்கு விதித்த பரிகாரம்: ஒரு வெள்ளைத் துணி, ஒரு கோழி, அறுவடை முடியும்வரை அவனிடம் ஒரு வார்த்தை பேசக்கூடாது.

“கோழியும் வெள்ளையா இருக்கணுமா, அம்மா?”

“உயிரோட இருந்தா போதும். நீங்க வாயை மூடிக்கிட்டு இருங்க, அதுவே பாதி வைத்தியம்.”

ஜூன் 20

குழு குப்புறப் படுத்து, கம்பியால் குத்திக் குத்தி நகர்கிறது. இந்த வேகத்தில் போனால் அடுத்த வருடம் முடியும்.

ஜூன் 23

கஸ்டிகோ எழுந்துவிட்டான். கடையைச் சந்தையிலிருந்து பள்ளி வேலியோரம் மாற்றியிருக்கிறான். அங்கே வெயில் குறைவாம். குறைவில்லை.

ஜூன் 28

பாபியாவோ வந்தார். “உங்க சைக்கிள்காரர் விசித்திரமான ஆளுங்க. நாங்க எந்தப் பக்கம் வேலை செய்யறமோ அந்தப் பக்க வேலிக்கு வந்து உக்காந்துக்கறார். திடீர்னு எழுந்து ஒதுங்கப் போறார். இன்னிக்கு ரெண்டு தடவை. ரெண்டு தடவையும் அப்ப நாங்க குத்திக்கிட்டிருந்த இடத்துல வெடி கிடைச்சுது.”

“வயிறு சரியில்லாம இருக்கும்” என்றேன்.

அவர் குறிப்பேட்டை மூடினார். “சரியாகவே வேண்டாம்” என்றார்.

ஜூலை 9

இதுவரை பதினேழு வெடிகள். ஆட்கள் கருவியைப் பார்ப்பதில்லை, கஸ்டிகோவைப் பார்க்கிறார்களாம். பாபியாவோ அவர்களைத் திட்டினாராம். திட்டிவிட்டு அவரும் பார்த்தாராம்.

ஜூலை 21

கஸ்டிகோ மூன்று நாளாக இல்லை. சக்கரக் கம்பி வாங்கக் காயா ஊருக்குப் போயிருக்கிறான். மீதம் இருப்பது கிணற்று மூலை மட்டும். குழு அதைக் கருவியை மட்டும் நம்பி முடித்தது. ஒன்றும் கிடைக்கவில்லை.

ஜூலை 29

மைதானம் பாதுகாப்பானது என்ற தாளில் பாபியாவோ கையெழுத்திட்டார். கீழே நானும்.

ஆகஸ்ட் 1, திங்கள்

மாவட்ட நிர்வாகி கொடியோடு வந்தார். பிள்ளைகள் மைதானத்தின் நடுவில் வரிசையாக நின்றார்கள். நிர்வாகி நாட்டை மறுபடி கட்டியெழுப்புவது பற்றிப் பேசத் தொடங்கினார். கஸ்டிகோ தாமதமாக வந்தான், மகள் எர்மெலிந்தாவோடு. வாசலிலிருந்து கிணற்று மூலை வழியாக வந்தால் இருபது அடி. அவன் அந்த மூலைப் பக்கம் ஒரு முறை பார்த்தான். மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, வேலியை ஒட்டி எதிர்ப்பக்கமாக மைதானத்தைச் சுற்றி வந்தான்.

நிர்வாகியிடம் போனேன். ஐயா, மீதிப் பேச்சைச் சாலையில் வைத்துக்கொள்வோம் என்றேன்.

“ஏன்?”

“சைக்கிள்காரர் சுத்திப் போனார்.”

“இதை நான் அறிக்கையில எழுதணுமா, வாத்தியாரே?”

அதற்குள் அங்கே நின்ற பாபியாவோ லாரிக்குப் போய்த் தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு வந்தார். பிள்ளைகளை ஒருவர் பின் ஒருவராக, வந்த சுவட்டிலேயே நடத்தி வெளியே கொண்டுவந்தோம். அறுபத்தொரு பேர். நிர்வாகி அறுபத்திரண்டாவது.

ஆகஸ்ட் 3

கிணற்று மூலையில் ஒன்று. பிளாஸ்டிக் உறை, கருவிக்குக் கேட்காத வகை. இரண்டு விரல் ஆழம். வேலியோரம் கஸ்டிகோ உட்கார்ந்திருந்தான். அது கிடைக்கும் முன் ஒரு முறை எழுந்து போனான்; எடுத்த பிறகு மூலை முழுவதையும் குத்திப் பார்த்தபோது எழுந்திருக்கவில்லை. சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான்.

ஆகஸ்ட் 5, வெள்ளி

அறுவடை முடிந்து சோளம் எல்லார் வீட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. இனிப் பேசலாம் என்றாள் திலோசா.

பள்ளி திறந்தோம், நிர்வாகி இல்லாமல். கஸ்டிகோ கிணற்று மூலை வழியாக வந்தான். எர்மெலிந்தா அவனுக்கு முன்னால் ஓடிவந்தாள், அவன் தடுக்கவில்லை. வணக்கம் சொன்னேன். வணக்கம் சொன்னான். வேறு எதுவும் கேட்கவில்லை. பிள்ளையின் பெயரை எழுதிக்கொண்டேன்.